கிட்னி வைக்க இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட அண்ணனுக்கு மாற்று செய்த மருத்துவமனை: எங்கள் மதிப்பீடு

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கிட்னி மாற்றுப் பிரிவைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடப்போவதில்லை. நல்லதும் குறையும் இரண்டுமே இதில் வரும், அதோடு நான் சொல்லவருவது அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பொருந்துவதும் இல்லை. சர்க்கரை நோய், பல வருட டயாலிசிஸ், சிகரெட் பழக்கம் என்று இருக்கிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் ஓபியிலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இடுப்புக்குள் இருக்கிற ரத்தக்குழாய் எப்படி இருக்கிறது, அதை எப்போது பார்ப்பீர்கள்?

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். அண்ணன் லாரி ஓட்டியவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை ரொம்ப காலமாக இருக்கிறது, ராத்திரி வண்டி ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்க சிகரெட், அதை விட்டது டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகுதான். டோனர் அண்ணி. ரத்தப் பிரிவு பொருந்தியது, அண்ணியின் உடம்பும் நன்றாக இருந்தது, அதனால் நாங்கள் எல்லோரும் காரியம் முடிந்த மாதிரியே நினைத்தோம்.

முதலில் போனது ஊருக்குப் பக்கத்து நகரத்தில் இருக்கிற ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே எல்லா டெஸ்ட்டும் ஒழுங்காகத்தான் நடந்தது. எக்கோ, எண்டோஸ்கோபி, பல் டாக்டர், இரண்டு பேருக்கும் பொருந்துமா என்று ரத்தத்தில் பார்க்கிற ஹெச்எல்ஏ, கிராஸ்மேட்ச், அண்ணிக்கு சாயம் ஏற்றி ரத்தக்குழாயைப் பார்க்கிற சிடி ஆஞ்சியோ ஸ்கேன், அப்புறம் 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி தர வேண்டிய பேப்பர்கள், கல்யாணச் சான்றிதழ், குடும்பப் போட்டோ, நோட்டரி. எல்லாம் முடிந்து தேதி குறிக்கப்போகிற நேரத்தில்தான் ஒரு சர்ஜன் அண்ணனின் தொடை இடுக்கில் கைவைத்துப் பார்த்துவிட்டு, நாடி குறைவாக இருக்கிறது, ஒரு சிடி ஸ்கேன் எடுங்கள் என்றார். எடுத்தோம். இரண்டு பக்கமும் ரத்தக்குழாயில் கால்சியம் அடைத்துக் கிடக்கிறது, கிட்னியைத் தைக்க இடமில்லை, டயாலிசிஸையே தொடருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். வேறு யாரிடமாவது காட்டலாமா என்று கேட்டதற்கு, "எங்கே போனாலும் இதைத்தான் சொல்வார்கள்" என்பது பதில்.

அந்த சர்ஜன் முடியாது என்று சொன்னதில் எனக்குக் கோபமில்லை. தன்னால் முடியாததை முடியாது என்று சொல்வது நேர்மை. ஆனால் கைவைத்துப் பார்க்க ஒரு நிமிஷம், சாயமில்லாத சாதாரண சிடி எடுக்க அரை மணி நேரம் ஆகிற ஒரு பரிசோதனையைக் கடைசியில் வைத்து, அதற்கு முன்னால் அண்ணியை அத்தனை ஊசிக்கும் ஸ்கேனுக்கும் ஆளாக்கியது தவறு. சர்க்கரை, சிகரெட், வருஷக்கணக்கில் டயாலிசிஸ் மூன்றும் உள்ள ஒருவர் வந்து உட்காரும்போதே அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ரத்தக்குழாய்க்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வீட்டிலேயே பலரும் கேட்டார்கள், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புதுக் கிட்னியைப் பழைய கிட்னி இருக்கிற இடத்தில் வைப்பதில்லை. பழசு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். புதுசை அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக ஒரு ஓரத்தில் வைப்பார்கள். பாரிஸில் ரெனே குஸ் என்ற சர்ஜன் 1951-ல் இந்த இடத்தைப் பயன்படுத்தினார், 1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே இரட்டையர்களுக்குச் செய்து வெற்றி பெற்றதும் இதே இடத்தில்தான், நம்ம வேலூர் சிஎம்சியில் 1971-ல் நடந்ததிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்க வழக்கமான இடம் அதுதான். காரணம் எளிமையானது: காலுக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயும் திரும்பி வருகிற சிரையும் அங்கே கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கின்றன, மூத்திரப்பையும் பக்கத்திலேயே இருக்கிறது. காலுக்குப் போகிற அந்தக் குழாயில் ஒரு சிறு ஓட்டை போட்டு, கிட்னியின் குழாயை அதில் தைத்துவிடுவார்கள்.

ஆக, கிட்னிக்கு இனி ரத்தம் தரப்போவது அந்தக் கால் குழாய். அது கெட்டுப்போயிருந்தால் எத்தனை நல்ல கிட்னி கிடைத்தும் தைக்க முடியாது. தைக்கும்போது ரத்தத்தை நிறுத்த மேலேயும் கீழேயும் கிளாம்ப், அதாவது கவ்வி போட்டுப் பிடிக்க வேண்டும், சுவர் முழுக்கக் கால்சியமாக இருந்தால் அது முட்டை ஓடு மாதிரி நொறுங்கும், உள்சுவர் பிரிந்துகொண்டு வரும், உடைந்த துகள் காலுக்குள் போய் அடைத்தால் காலுக்கே ஆபத்து. இது சென்னை டாக்டர் படம் போட்டு எங்களுக்குச் சொன்னது. முதல் மருத்துவமனையில் யாரும் இதைச் சொல்லவில்லை.

சரி, சென்னைக்கு எப்படிப் போனோம் என்றால், டயாலிசிஸ் சென்டரில் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் வந்துபோன ஒருவரின் மருமகன் சொன்னார், ரத்தக்குழாய் சர்ஜனும் மாற்று சர்ஜனும் சேர்ந்து ஓபி பார்க்கிற இடமாகப் பாருங்கள் என்று. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சீட்டு எழுதி அனுப்புவது வேறு, இரண்டு பேரும் ஒரே திரையில் படத்தைப் பார்ப்பது வேறு. இந்த வித்தியாசம் அங்கே போன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

முதல் ஓபியில் மாற்று சர்ஜன் ஃபைலைத் திறக்கவே இல்லை. "எவ்வளவு தூரம் நடந்தால் கால் வலிக்கும் ஐயா? வலி கெண்டைக்காலிலா, மேலேயா?" என்று கேட்டார். அண்ணன் இடது பிட்டத்திலும் தொடையிலும் பிடிக்கும், நின்றால் சரியாகிவிடும் என்றார். இதை அவர் எங்கள் யாரிடமும் சொன்னதே இல்லை, வயசாகிறது என்று விட்டிருக்கிறார். பிட்டத்தில் பிடித்தால் அடைப்பு மேலே, இடுப்புக்குள் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பிறகு இரண்டு தொடை இடுக்கிலும் முழங்காலுக்குப் பின்னாலும் பாதத்திலும் நாடி பார்த்தார். கையிலும் காலிலும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற டெஸ்ட்டும் எடுத்தார்கள், ஆனால் கால்சியம் படிந்த குழாய் அமுங்காது, அதனால் கணுக்காலில் எண் பொய்யாக அதிகம் காட்டும் என்று சொல்லி, கால் கட்டைவிரலிலும் தனியாக அளந்தார்கள். எண் நன்றாக வந்ததும் விட்டுவிடாமல் அதை நம்பாமல் இன்னொன்று எடுத்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் சிடி. நாங்கள் கொண்டுபோயிருந்த பழைய ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே வரி, இரண்டு பக்கமும் கால்சியம் படிவு என்று. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, ஸ்கேன் படம் பதிந்த டிஸ்க் எங்கே என்று கேட்டார்கள். அது எங்களிடம் இல்லை, பழைய மருத்துவமனையில் கேட்டபோது சர்வரில் இல்லை என்றார்கள், அதனால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. வயிற்றுப் பெருங்குழாயிலிருந்து தொடை வரைக்கும், சாயம் இல்லாமல், மெல்லிய வெட்டு வெட்டாக. சாயம் ஏற்றாமலே கால்சியம் வெள்ளையாகத் தெரியும், எந்தச் சுவரில் இருக்கிறது, எங்கே விட்டிருக்கிறது என்று பார்க்க அதுவே போதும். உள்ளே எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரியத்தான் சாயம் வேண்டும். அண்ணனுக்கு மூத்திரம் சுத்தமாக நின்றுவிட்டதால் பிறகு சாயம் ஏற்றியும் எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் மூத்திரம் போகிறவர்கள், டயாலிசிஸ் ஆரம்பிக்காதவர்கள், சாயம் ஏற்றுவதற்கு முன்னால் உங்கள் நெஃப்ராலஜிஸ்ட்டிடம், அதாவது கிட்னி டாக்டரிடம் கேளுங்கள், மிச்சமிருக்கிற கிட்னியை அது பாதிக்கலாம்.

படத்தை எங்களுக்கே காட்டினார்கள். இதற்கு முழு மதிப்பெண். இடது பக்கம் மேலே ஒரு இடத்தில் நன்றாகச் சுருங்கி, கீழே முழுக்க வெள்ளை. வலது பக்கமும் வெள்ளைதான், ஆனால் பின்சுவரிலும் ஓரத்திலும் அதிகம், முன்சுவரில் கொஞ்ச தூரம் கருப்பாக, அதாவது கால்சியம் இல்லாமல் மென்மையாக இருந்தது. "எனக்கு இந்த இடம் போதும்" என்றார் மாற்று சர்ஜன். ரத்தக்குழாய் சர்ஜன் உடனே, தைக்கப் போதும், கிளாம்ப் எங்கே போடுவீர்கள் என்று கேட்டார். எங்கள் முன்னாலேயே இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். பயமுறுத்துகிற மாதிரி இருக்கும் என்று சிலர் நினைக்கலாம், எனக்கும் அண்ணிக்கும் அது தைரியத்தைத்தான் கொடுத்தது.

மூன்று வழி வைத்திருந்தார்கள். முதல் வழி, அந்த மென்மையான இடத்தில் சாதாரணமாகத் தைப்பது. அது முடியாவிட்டால், குழாயைத் திறந்து உள்ளே படிந்திருப்பதை உரித்தெடுத்துவிட்டு அங்கே தைப்பது. அதுவும் முடியாவிட்டால் செயற்கைக் குழாய். இந்த மூன்றாவதை ஏன் கடைசியில் வைக்கிறார்கள் என்றும் சொன்னார்கள்: மாற்றுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க உண்டு, அந்த நிலையில் செயற்கைக் குழாயில் கிருமி பிடித்தால் கிட்னியோடு காலும் உயிரும் சேர்ந்து ஆபத்தில் போகும். இரண்டு பக்கமும் முழுக்க அடைத்துப்போன சிலருக்கு, முதலில் பெருங்குழாயிலிருந்து இரண்டு தொடைக்கும் செயற்கைக் குழாய் போட்டு, அது ஆறித் தேறிய பிறகு, வேறொரு நாளில் கிட்னியை அந்தக் குழாயிலேயே தைப்பதும் உண்டாம். இடுப்பே வேண்டாம் என்று பழைய கிட்னி இருந்த இடத்திலேயே, மண்ணீரலுக்குப் போகிற குழாயில் தைக்கிற முறையும் இருக்கிறது, அதைச் செய்கிறவர்கள் குறைவு. "எங்கே போனாலும் இதைத்தான் சொல்வார்கள்" என்று கேட்டுவிட்டு வந்த எங்களுக்கு இத்தனை வழி இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இடுப்புக் குழாய் இப்படி இருந்தால் இதயக் குழாயும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம் என்று அண்ணனுக்கு இதய ஆஞ்சியோவும் எடுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு. அது ஸ்டென்ட் தேவையில்லாத அளவில் இருந்தது. அங்கே பெரிய அடைப்பு இருந்திருந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்வோம், சில பேருக்கு மாற்றே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். எங்களோடு ஓபியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை அப்படித்தான் அனுப்பினார்கள், ஆனால் ஏன் என்று அவர் மகனுக்குப் படத்தைக் காட்டி, டயாலிசிஸை எப்படி நன்றாக நடத்துவது என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

நெஃப்ராலஜிஸ்ட் மருந்தையும் மாற்றினார். ரத்தத்தில் கூடுகிற பாஸ்பரஸைக் குறைக்க அண்ணன் இத்தனை வருஷம் சாப்பிட்டது கால்சியம் மாத்திரை. குழாயில் இவ்வளவு படிவு இருக்கிறவருக்குக் கால்சியத்தைக் குறைப்பது நல்லது என்று அதற்குப் பதிலாக செவலமர் என்ற மாத்திரை எழுதினார், விலை அதிகம். அதையும் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால்தான் வேலை செய்யும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் வீண். டயாலிசிஸ் சென்டர்களில் இதை யாராவது ஒருவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். பாஸ்பரஸ் கூடுவது உடம்புக்கு உடனே தெரியாது, அரிப்பு வந்தால் பெரிது, ஆனால் அது குழாய்ச் சுவரில் வருஷக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

ஆபரேஷன் நாள் பற்றி நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த மருத்துவமனையை நான் பரிந்துரைப்பதற்கு முக்கியக் காரணம் அவர்கள் கடைப்பிடித்த ஒரு வரிசை. பக்கத்துப் பக்கத்து தியேட்டரில் அண்ணனும் அண்ணியும். டோனர் ஆபரேஷனை முதலில் ஆரம்பித்துக் கிட்னியைத் தயாராகப் பிரித்து வைத்துவிட்டு, அங்கே நிறுத்திவிடுவார்கள், ரத்தக்குழாயை வெட்ட மாட்டார்கள். இந்தப் பக்கம் அண்ணனைத் திறந்து, குழாயைக் கையால் தொட்டுப் பார்த்து, தைக்க முடியும் என்று உறுதியான பிறகுதான் அண்ணியின் கிட்னியை எடுப்பார்கள். "உள்ளே பார்த்து முடியாது என்று தெரிந்தால் உங்கள் மனைவியை இரண்டு கிட்னியோடு தைத்து அனுப்பிவிடுவோம்" என்று முந்தின நாளே அண்ணனிடம் சொல்லிவிட்டார் சர்ஜன். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணன் கையெழுத்துப் போட்டார். குழாய் சந்தேகம் உள்ள எந்த வீட்டாரும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: அவரைத் திறந்து பார்த்த பிறகுதானே டோனரிடமிருந்து எடுப்பீர்கள்?

நடந்ததும் அதுதான். நடுவில் ஒரு டாக்டர் வெளியே வந்து, மேலே கிளாம்ப் போட இடம் நன்றாக இருக்கிறது, கீழே படத்தில் தெரிந்ததைவிடக் கெட்டியாக இருக்கிறது, ரத்தக்குழாய் டாக்டர் உள்ளே வந்துவிட்டார், டோனரின் கிட்னியை இன்னும் எடுக்கவில்லை, பயப்பட வேண்டாம் என்றார். அந்த வார்த்தைகள் எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். கீழே கிளாம்ப் போடாமல், குழாய்க்குள்ளேயே சின்ன பலூனை விட்டு ஊதி ரத்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த பலூன் டியூபை 1960-களில் அமெரிக்காவில் தாமஸ் ஃபோகார்ட்டி கண்டுபிடித்தாராம், முதல் பலூனை சர்ஜன் போடுகிற கையுறையின் விரலை வெட்டித்தான் செய்தாராம். பிறகு படிவை உரித்தெடுத்து, கீழ்ப்பக்கம் உள்சுவரின் ஓரம் ரத்த வேகத்தில் தூக்கிக்கொள்ளாமல் இருக்க அதைத் தையல் போட்டு ஒட்டி, அதற்குப் பிறகுதான் அண்ணியின் கிட்னி வெளியே வந்து இங்கே தைக்கப்பட்டது. மேஜையிலேயே மூத்திரம் வந்தது என்று சொன்னார்கள். அண்ணியும் நன்றாக இருந்தார்.

வார்டில் நர்சுகளின் கவனிப்பு மிக நன்று. மூத்திர அளவை மணிக்கு மணி குறிப்பது எல்லா இடத்திலும் நடக்கும், இங்கே அதோடு வலது பாதத்தின் நாடியையும் கையில் வைத்துப் பார்க்கிற சின்ன டாப்ளர் மிஷினால் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பாதம் குளிர்கிறதா, விரல் அசைகிறதா என்று பார்த்தார்கள். கிட்னி மாற்று செய்தவருக்கு எதற்குக் காலைப் பார்க்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள், இதற்குள் எங்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

குறைகளுக்கு வருகிறேன். ஒரு ராத்திரி டாப்ளரில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று திடீரென்று அண்ணனை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கேனில் ஓட்டம் நன்றாகவே இருந்தது, போனதும் சரியான முடிவுதான். ஆனால் வெளியே இருந்த எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்து அண்ணியின் அம்மா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. பகலில் தியேட்டரிலிருந்து வெளியே வந்து சொல்லத் தெரிந்த இடத்துக்கு ராத்திரி ஒரு போன் பண்ணத் தெரியாமல் போனது பெரிய குறை. புகார் எழுதிக் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்டார்கள்.

பில். பாக்கேஜ் என்று முதலில் ஒரு தொகை சொல்வார்கள், அது சாதாரண மாற்றுக்கான தொகை. ரத்தக்குழாய் சர்ஜனின் கட்டணம், பலூன் டியூப், ஐசியூவில் கூடுதல் நாள், கூடுதல் டாப்ளர் ஸ்கேன் எதுவும் அதில் வராது. எஸ்டிமேட் தாளில் 'தேவைக்கேற்ப' என்று ஒரு சொல் இருந்தது, கடைசியில் பெரிய தொகையாக வந்தது அந்தச் சொல்தான். மூன்று வழி இருப்பது அவர்களுக்கு முன்பே தெரியும், மூன்றுக்கும் தோராயமாக எவ்வளவு ஆகும் என்று மூன்று எஸ்டிமேட் கொடுத்திருக்கலாம். நீங்கள் போனால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறவர்கள் ரத்தக்குழாய் வேலைக்குத் தனியாக முன் அனுமதி வேண்டுமா என்றும் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிட்னி மாற்று உண்டு, சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளிலும் மாற்று நடக்கிறது, அங்கே ரத்தக்குழாய் அறுவைக்குத் தனித் துறையும் இருக்கிறது, பணம் பிரச்சினையாக இருப்பவர்கள் அங்கே காட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

ஃபார்மசி இன்னொரு குறை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற டாக்ரோலிமஸ் மாத்திரையை ஒரு கம்பெனியில் ஆரம்பித்துவிட்டு அடுத்த மாசம் ஸ்டாக் இல்லை என்று இன்னொரு கம்பெனி மாத்திரையைக் கொடுத்தார்கள், மருந்து ஒன்றுதான் என்றார்கள். இந்த மாத்திரையில் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பிரச்சினை, கம்பெனி மாறினால் டாக்டருக்குச் சொல்லி ரத்தத்தில் அளவு மறுபடி பார்க்க வேண்டும். அண்ணி பெட்டியின் நிறம் மாறியிருப்பதைக் கவனித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஃபாலோஅப் நன்றாக இருக்கிறது. முதல் சில மாதம் அடிக்கடி வரச்சொன்னார்கள், நாமக்கல்லிலிருந்து சென்னை வந்து போவது சிரமம், சென்னையிலேயே வீடு எடுத்துத் தங்கினோம். இப்போது ஊரில் ரத்தம் கொடுத்து ரிசல்ட்டை அனுப்பினால் கோஆர்டினேட்டர் பார்த்துச் சொல்கிறார். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் அளவு நிலையாக இருக்கிறது. அவர்கள் எங்களுக்குக் குறிப்பாகச் சொல்லி அனுப்பியது: பிரஷர் திடீரென்று மருந்துக்குக் கட்டுப்படாமல் ஏறினாலோ, டெல்மிசார்டான் மாதிரி சில பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததும் கிரியேட்டினின் கூடினாலோ, காலில் வலி புதிதாக வந்தாலோ, உடம்பு புதுக் கிட்னியை ஏற்காத நிராகரிப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள், கிட்னிக்கு வருகிற வழியில் குழாய் சுருங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிட்னி தைத்த இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு மேலே இருக்கிற பெரிய குழாயில் சுருக்கம் வந்தாலும் கிட்னி பட்டினியாகும். அதோடு ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், கிட்னி வலது பக்கம், அந்தப் பக்கத்துத் தொடை வழியாக எந்த டியூப் போடுவதற்கு முன்னாலும் எங்களைக் கூப்பிடுங்கள் என்று. அண்ணன் அதை லைசென்ஸோடு சேர்த்து பர்ஸில் வைத்திருக்கிறார்.

இடது கால் வலி இன்னும் உண்டு. அதற்கு இப்போது எதுவும் செய்யவில்லை, தினமும் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், முன்பைவிடத் தூரம் கூடியிருக்கிறது.

உயிருள்ள டோனர் இல்லாமல், மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் பற்றியும் அந்த ஓபியில் நிறையப் பேசினார்கள். போன் எப்போது வரும் என்று தெரியாது, ராத்திரி இரண்டு மணிக்கு வரலாம், அப்போது உட்கார்ந்து குழாயைப் பற்றி யோசிக்க நேரமிருக்காது. அதனால் எந்தப் பக்கம், எந்த இடம், தேவைப்பட்டால் எந்த ரத்தக்குழாய் சர்ஜன் என்று முன்கூட்டியே ஃபைலில் எழுதி வைத்திருக்க வேண்டும். காத்திருக்கிற வருஷங்களில் கால்சியம் கூடிக்கொண்டே போகும், பதியும்போது எடுத்த சிடி மூன்று வருஷம் கழித்து உதவாது, மறுபடி எப்போது எடுப்பது என்று கேளுங்கள். ஒரு நல்ல செய்தியும் உண்டு: உயிருள்ளவரிடமிருந்து எடுக்கும்போது கிட்னியின் குழாய் குட்டையாகத்தான் கிடைக்கும், இறந்தவரிடமிருந்து எடுக்கும்போது பெருங்குழாயின் ஒரு துண்டோடு சேர்த்தே எடுப்பார்கள், கூடவே அவருடைய இடுப்புக் குழாயையும் எடுத்து வைத்துக்கொண்டால் நீளம் போதாத இடத்தில் ஒட்டுப் போட உதவும். குழாய் கெட்டவர்களுக்கு இது சில நேரம் பெரிய உபகாரம். அந்தக் குடும்பங்களை நினைத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால், டாக்டர்கள் இருவருக்கும் ஐந்து, வார்டு நர்சுகளுக்கு ஐந்து, ராத்திரியில் தகவல் சொல்வதற்கு ஒன்று, பில்லிங்குக்கு இரண்டு, ஃபார்மசிக்கு இரண்டு. மொத்தத்தில் இதே நிலைமையில் இன்னொருவர் வந்து கேட்டால் இந்த இடத்தைத்தான் சொல்வேன், பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

எங்கே போவதாக இருந்தாலும் ஸ்கேன் படம் பதிந்த டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வீட்டில் ஒரு காப்பி வைத்துக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி முடியுமா முடியாதா என்று கேட்டால் எந்த நல்ல சர்ஜனும் பதில் சொல்ல மாட்டார், அவருக்குப் படம் வேண்டும், அதோடு நோயாளியின் தொடையில் கைவைத்துப் பார்க்கவும் வேண்டும்.